மானுக்கு ஒரு குண்டு, கொயோட்டிக்கு ஒரு குண்டு

முதலில் சொல் தகராறைத் தீர்த்துவிடுவோம். நம் செய்தித்தாள்களில் "தோட்டா பாய்ந்தது" என்றும் எழுதுகிறார்கள், "குண்டு பாய்ந்தது" என்றும் எழுதுகிறார்கள், இரண்டும் ஒன்றுதான் என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். தோட்டா பாயாது. தோட்டா என்பது முழுப் பொட்டலம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி கிளப்பும் சின்ன பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாய்ப்பக்கம் செருகிய குண்டு. சுட்டபிறகு கூடு துப்பாக்கியிலேயே இருக்கும், அல்லது பக்கத்தில் தெறித்து விழும். பறந்து போய் விலங்கின் உடம்புக்குள் நுழைவது நுனியில் இருந்த அந்தக் குண்டு மட்டும்தான். கடையில் எல்லோரும் தோட்டாவின் பெயரைக் கேட்டு வாங்குகிறார்கள். விலங்குக்குத் தெரிவதோ குண்டு மட்டும்.

இது அமெரிக்கக் கதை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அதில் பேச்சே கிடையாது. நான் இருப்பது டெக்சஸில். இங்கே வெண்வால் மான்கள் ஏராளம். உரிமம் வாங்கி, பருவத்தில் மட்டும், இத்தனைதான் என்ற கணக்குக்குள் சுடலாம். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். கொயோட்டி வேறு கதை. நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது, ஆட்டுக்குட்டியையும் கன்றையும் தூக்கிப்போவதால் பண்ணைக்காரர்களுக்கு ஆகாது, அதைச் சுடப் பருவக் கட்டுப்பாடு டெக்சஸில் இல்லை. பல பண்ணைகளில் காலையில் மானுக்காக உட்கார்ந்தவர் அதே துப்பாக்கியோடு மாலையில் கொயோட்டிக்காகவும் உட்காருவார். குழப்பம் தொடங்குவது அங்கேதான்.

என் முதல் வருடத்தில், கூட வேலை செய்யும் நண்பனின் அப்பாவுக்கு லானோ பக்கம் இருக்கும் நிலத்துக்குப் போனேன். கையில் .223 துப்பாக்கி, ஒரு பெட்டித் தோட்டா. பெட்டிக்குள் ஒவ்வொரு குண்டுக்கும் சிவப்பு பிளாஸ்டிக் மூக்கு, பார்க்க ராக்கெட் மாதிரி இருந்தது, அதனாலேயே வாங்கினேன் என்று வையுங்கள். பெரியவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "இது கொயோட்டிக்கு. வண்டியிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் பெட்டியிலிருந்து எட்டுத் தோட்டாக்களை எண்ணிக் கொடுத்தார். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அதே பித்தளை, அதே பருமன், என்னுடைய குண்டு 55 கிரெய்ன், அவருடையது 60 கிரெய்ன். ஐந்து கிரெய்னில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் தோன்றியது.

கிரெய்ன் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் பெட்டியில் எழுதியிருப்பது எதுவும் புரியாது. குண்டின் எடையைச் சொல்லும் பழைய அளவு அது, ஒரு தானிய மணியின் எடையிலிருந்து வந்தது. ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம். சித்த மருத்துவத்தில் உளுந்து எடை என்று ஒரு கணக்கு உண்டு, அதுவும் 65 மில்லிகிராம்தான், ஆக 55 கிரெய்ன் குண்டு என்றால் 55 உளுந்து எடை என்று நான் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொள்கிறேன். கிராமில் சொன்னால் மூன்றரை. அரைப் பவுன் தங்கம்கூட இல்லை. அவருக்கும் எனக்கும் இடையில் இருந்த வித்தியாசம் ஐந்து உளுந்து.

காலிபர் என்பது குழலின் உள்விட்டம், பெரும்பாலும் அங்குலத்தில் சொல்வார்கள். சிறு காலிபர் என்று சொன்னால் பேச்சில் பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள். ஒன்று .22 குடும்பம்: .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன், .220 ஸ்விஃப்ட் போன்றவை. பெயரில் எண்கள் ஆளுக்கொன்றாக இருந்தாலும் மூன்றிலும் செருகுவது 0.224 அங்குலக் குண்டுதான், கிட்டத்தட்ட 5.7 மில்லிமீட்டர். பெயர் வைத்தவர்களுக்கு அளவுகோலைவிட விளம்பரம் முக்கியமாக இருந்திருக்கிறது. மருந்து எவ்வளவு பிடிக்கும் என்பதில்தான் வித்தியாசம்: அதே 55 கிரெய்ன் குண்டை .223 வினாடிக்குச் சுமார் 990 மீட்டர் வேகத்தில் தள்ளும், .22-250 சுமார் 1,120 மீட்டரில் தள்ளும். இன்னொன்று 6 மில்லிமீட்டர் குடும்பம், அதில் பெயர்பெற்ற பிள்ளை 1955-இல் வந்த .243 வின்செஸ்டர். அது 100 கிரெய்ன் குண்டை வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் அனுப்பும். உதை குறைவு, சத்தமும் பெரிய துப்பாக்கிகளைவிடக் குறைவு, அதனால்தான் சிறுவர்களுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும் இவற்றைக் கொடுக்கிறார்கள். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் .22 லாங் ரைஃபிள் இந்தப் பேச்சிலேயே வராது. அது ரிம்ஃபயர் வகை, அதாவது கூட்டின் விளிம்பில் தட்டினால் வெடிப்பது, முயல், அணில், டப்பா சுடுவதற்கு. டெக்சஸில் அதைக்கொண்டு மான் சுடுவது சட்டவிரோதம்.

சரி, இரண்டு விலங்குகளின் உடம்பையும் பார்ப்போம். கொயோட்டி பத்திலிருந்து இருபது கிலோ. குளிர்காலத்தில் ரோமம் புசுபுசுவென்று பெரிதாகக் காட்டும், தண்ணீரில் நனைத்தால் ஒல்லியான நாய். விலா எலும்பு மெல்லியது, தோலிலிருந்து நுரையீரலுக்கு இரண்டு மூன்று விரல் தூரம். ஹில் கன்ட்ரி என்று சொல்லும் எங்கள் மேட்டுப்பகுதியில் வளர்ந்த ஆண் மான் ஐம்பது அறுபது கிலோ, வடக்கே மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் போனால் நூறு கிலோவைத் தாண்டும். தோல் தடிமன், முன்னங்கால் மேல் தோள்பட்டைச் சதை, அதற்குள் தட்டையான எலும்பு, அதற்குள் விலா, அப்புறம்தான் நுரையீரல், அதைத் தாண்டி இன்னொரு பக்கத்து விலாவும் தோலும். பக்கவாட்டில் நிற்கும் மானின் நெஞ்சு ஒரு அடி அகலம் இருக்கும். குண்டு அந்த ஒரு அடியையும் கடக்க வேண்டும், முடிந்தால் மறுபக்கம் வெளியேயும் வர வேண்டும். கொயோட்டியின் உடம்பில் கடக்க வேண்டிய தூரம் அதில் பாதிதான்.

குண்டு கொல்வது எப்படி என்பதில் சினிமா நமக்கு நிறையத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அடிபட்ட விலங்கு பின்னால் தூக்கி எறியப்படுவதில்லை. குண்டு இதயத்தையோ நுரையீரலையோ கிழிக்கும், ரத்தம் வெளியேறும், மூளைக்கு ரத்த ஓட்டம் நிற்கும், சில வினாடிகளில் விலங்கு விழும். 5.7 மில்லிமீட்டர் துளை மட்டும் போட்டுவிட்டு குண்டு நேரே வெளியே போனால் மான் பல நூறு கஜம் ஓடி எங்கோ புதருக்குள் மெதுவாகச் சாகும். அதனால் வேட்டைக் குண்டு உள்ளே போனதும் விரிய வேண்டும், மழைக்குக் குடை விரிப்பதுபோல. விரிந்தால் துளை பெரிதாகும், ஆனால் விரிந்த குடையைத் தள்ளிக்கொண்டு போவது கடினம், ஆழம் குறையும். விரிவும் ஆழமும் எதிரெதிரே இழுக்கும் இரண்டு மாடுகள். பெரிய குண்டில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. மூன்றரை கிராமில் இல்லை, ஒன்றைக் கூட்டினால் மற்றது உடனே குறையும். சிறு காலிபரில் குண்டைத் தேர்ந்தெடுப்பது இவ்வளவு தலைவலியாக இருப்பதற்கு இதுதான் காரணம், .300 மேக்னம் போன்ற பெரிய துப்பாக்கி வைத்திருப்பவர் எதை வாங்கினாலும் பெரும்பாலும் தப்பிவிடுவார்.

என் சிவப்பு மூக்குக் குண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே ஈயம், மேலே மெல்லிய செம்புச் சட்டை. செம்பு என்றாலும் சுத்தச் செம்பு இல்லை, கொஞ்சம் துத்தநாகம் கலந்தது. சட்டை மெல்லியது என்பதுதான் இதன் முழுச் சூட்சுமமும். பிளாஸ்டிக் மூக்கு மோதிய கணத்தில் பின்னால் தள்ளப்பட்டு ஆப்பு மாதிரி ஈயத்தைப் பிளக்கும், சட்டை கிழியும், ஒரு சாண் ஆழத்துக்குள் குண்டு பொடிப்பொடியாகச் சிதறிவிடும். ஹார்னடி நிறுவனத்தின் வி-மேக்ஸ், நாஸ்லர் நிறுவனத்தின் வார்மின்ட் (தொல்லைப் பிராணி) வகை பாலிஸ்டிக் டிப் எல்லாம் இந்தக் கூட்டம். கொயோட்டிக்கு இது பொருத்தம்: உள்ளே போகும் துளை பென்சில் பருமன், உள்ளேயே எல்லாம் முடிந்துவிடும், பெரும்பாலும் மறுபக்கத் துளையே இருக்காது, ரோமத்தோலை விற்பவருக்குத் தையல் வேலை மிச்சம். இன்னொரு நன்மையும் உண்டு, தரையில் பட்டாலும் சிதறிவிடும் என்பதால் கல்லில் பட்டு எகிறி எங்கோ போகிற ஆபத்து குறைவு. ஆபத்து முழுதாகப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், குறைவு.

இதே குண்டு மானின் தோள்பட்டையில் பட்டால்? தோள் சதையிலேயே, எலும்பைத் தொட்ட இடத்திலேயே, சிதறி நின்றுவிடலாம். வெளியே பார்க்கத் தட்டு அளவு கோரமான காயம், உள்ளே நுரையீரல் பத்திரமாக இருக்கும். அந்த மான் ஓடும். மூன்று காலில் ஓடும். சில நாட்கள் உயிரோடு இருக்கவும் கூடும். விலா எலும்புகளுக்கு நடுவே சரியாக நுழைந்தால் இதே குண்டு மானை நின்ற இடத்தில் வீழ்த்தியும் விடும், அதனால்தான் "நான் பத்து மான் இதால் சுட்டிருக்கிறேன், ஒன்றுகூட ஓடவில்லை" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள். பதினோராவது மான் கடைசி நொடியில் அரை அடி திரும்பி நிற்கிற நாளைப் பற்றித்தான் கவலை.

மானுக்கான குண்டில் சட்டை தடிமன், நுனியில் மட்டும் கொஞ்சம் ஈயம் வெளியே தெரியும், இதுதான் பழைய சாஃப்ட் பாயிண்ட். நுனி விரியும், அடிப்பகுதி கட்டையாக நின்று தள்ளிக்கொண்டு போகும். .22 குடும்பத்தில் இந்த வகையில் வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: 55 கிரெய்ன் சாஃப்ட் பாயிண்ட் பலவற்றில் பெயர் மட்டும்தான் சாஃப்ட் பாயிண்ட், சட்டை கொயோட்டிக்கும் சிறு பிராணிக்கும் ஏற்ற மெல்லிய சட்டையாகவே இருக்கும். 60 கிரெய்னோ அதற்கு மேலோ, பெட்டியில் மான் படம் போட்டோ மானுக்கு என்று எழுதியோ இருக்கிற குண்டைத்தான் எடுக்க வேண்டும்.

பெரியவர் கொடுத்தது நாஸ்லர் பார்ட்டிஷன். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1946-இல் ஜான் நாஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். மூஸ் என்பது மான் இனத்திலேயே பெரியது, எருமை அளவு. சேறு காய்ந்து அப்பியிருந்த அதன் தோளில் அவருடைய குண்டுகள் மேலோட்டமாகவே விரிந்து நின்றுவிட்டன, உள்ளே போகவில்லை. அவர் கையில் இருந்ததோ .300 மேக்னம், அதில் வேகத்துக்கோ மருந்துக்கோ குறையே இல்லை, குறை குண்டின் கட்டுமானத்தில். ஊருக்குத் திரும்பி அவர் செய்த குண்டில் நடுவே ஒரு செம்புத் தடுப்புச் சுவர் இருந்தது, முன்னறையில் ஈயம், பின்னறையில் ஈயம். முன்னறை விரியும், கிழியும், என்ன வேண்டுமானாலும் ஆகட்டும். பின்னறை சுவருக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 1948-இல் நிறுவனமே தொடங்கிவிட்டார். எருமை அளவு மிருகத்துக்காகப் பிறந்த இந்த யோசனையை 60 கிரெய்னுக்குச் சுருக்கி .22 குண்டில் வைத்ததுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஐந்து உளுந்தில் வித்தியாசம் இல்லை, வித்தியாசம் நடுவில் இருந்த சுவரில்.

அதே வேலையை வேறு வழியில் செய்பவையும் உண்டு. பாண்டட் என்று பெட்டியில் போட்டிருந்தால் ஈயத்தையும் சட்டையையும் பிரிய விடாமல் ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று பொருள், விரிந்தாலும் துண்டு துண்டாகப் பிரியாது. ஃபெடரலின் ஃப்யூஷன் இந்த வகை. முழுக்கச் செம்பிலேயே செய்த குண்டு இன்னொன்று, பார்ன்ஸ் நிறுவனம் 1980-களின் கடைசியில் இதைப் பிரபலமாக்கியது. ஈயமே கிடையாது, நுனியில் ஒரு குழி, மோதியதும் நான்கு இதழாகப் பூப்போல விரியும், எடை அப்படியே இருக்கும். அதனால் 55 கிரெய்ன் செம்புக் குண்டு மானுக்குள் 55 கிரெய்ன் வி-மேக்ஸைவிட வெகு ஆழம் போகும். எடை ஒன்று, வேகம் ஒன்று, வேலை நேரெதிர். எடையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வேட்டைக்கு வாங்கவே கூடாத இரண்டையும் சொல்லிவிடுகிறேன். எஃப்எம்ஜே என்று சுருக்கமாக எழுதியிருப்பது ராணுவ வகை, நுனிவரை சட்டை மூடியிருக்கும், விரிய வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் செய்தது. விலை குறைவு, காகிதம் சுட்டுப் பழக நல்லது. மானுக்கு இதைப் பல மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன, தடை இல்லாத இடத்திலும் வேண்டாம். தோல் கெடாது என்று கொயோட்டிக்கு இதைப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள், துளைபட்ட கொயோட்டி பாதி நேரம் ஓடிப்போய்க் கிடைக்காது, கிடைக்காத தோலில் துளை சிறிதாக இருந்து என்ன பயன். இரண்டாவது, போட்டிகளுக்கான மேட்ச் குண்டு. அதன் நுனியிலும் ஒரு சின்னக் குழி இருக்கும், ஹாலோ பாயிண்ட் என்று பெயரிலும் இருக்கும், புதியவர்கள் அது விரியும் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். அந்தக் குழி செய்முறையில் தானாக வருவது, பின்பக்கத்தைத் துல்லியமாக மூடுவதற்காகச் சட்டையைப் பின்னாலிருந்து முன்னால் இழுத்து வார்ப்பதால் நுனியில் மிச்சமாகும் வாய். உள்ளே போய் விரியலாம், வளையலாம், உடையலாம், நேரே போகலாம். மேட்ச்கிங் குண்டைச் செய்யும் சியரா நிறுவனமே அதை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை.

இனி தூரம். குண்டு விரிவதற்கு வேகம் வேண்டும், பெரும்பாலான சாதாரண வேட்டைக் குண்டுகளுக்கு மோதும்போது வினாடிக்கு 550 முதல் 600 மீட்டராவது இருக்க வேண்டும். .223-இன் 55 கிரெய்ன் சாஃப்ட் பாயிண்ட் குழலை விட்டு வெளியே வரும்போது 990 மீட்டர், 100 கஜத்தில் 840, 200 கஜத்தில் 700, 300 கஜத்தில் 580. ஆக 300 கஜத்தில் அது விரியுமா என்பதே சந்தேகம். இந்த எண்கள் 24 அங்குலக் குழலில் அளந்தவை என்பதையும் யாரும் சொல்வதில்லை. இப்போது பலரும் வைத்திருக்கும், ராணுவத் துப்பாக்கியின் சாயலில் செய்த ஏஆர் துப்பாக்கியின் 16 அங்குலக் குழலில் அங்குலத்துக்கு ஏழெட்டு மீட்டர் வீதம் கழித்துக்கொள்ளுங்கள், அறுபது மீட்டர் போயிற்று. என் கணக்கில் .223-ஆல் மான் என்றால் 150 கஜம் எல்லை, அதுவும் மான் பக்கவாட்டில் அசையாமல் நிற்கும்போது. .243-இல் 100 கிரெய்ன் குண்டோடு 250 கஜம்வரை பலரும் நிம்மதியாகச் சுடுகிறார்கள். கொயோட்டிக்கு .22-250 புகழ்பெற்றதற்குக் காரணம் வேகம்தான். முயல் அலறுவதுபோல ஊதி அழைத்தாலும் சில கொயோட்டிகள் 300 கஜத்துக்கு அப்பாலேயே நின்று யோசிக்கும், அங்கே குண்டு எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட நேரம் இருக்காது.

குண்டைத் தேர்ந்தெடுத்தாயிற்று, துப்பாக்கி அதை ஏற்குமா? குழலுக்குள் திருகாணியின் மரைபோலப் புரி வெட்டியிருக்கும், அது குண்டைச் சுழற்றி அனுப்பும். பம்பரம் வேகமாகச் சுற்றும்வரை நிமிர்ந்து நிற்கும், சுற்று குறைந்தால் தள்ளாடும், குண்டும் அப்படித்தான். நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். புரியை 1:12, 1:9, 1:7 என்று எழுதுவார்கள், 12 அங்குலத்தில் ஒரு சுற்று, 9 அங்குலத்தில் ஒரு சுற்று என்று அர்த்தம், இரண்டாவது எண் சிறிதாகச் சிறிதாகச் சுழற்சி வேகம் கூடும். 1:9 குழலிலிருந்து கிளம்பும் .223 குண்டு வினாடிக்கு 4,300 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, நான் முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ தசமப்புள்ளி தப்பிவிட்டது என்று நினைத்தேன். பழைய 1:12 குழலுக்கு 55 கிரெய்ன் ஈயக் குண்டுவரை பிரச்சினை இல்லை, அதற்கு மேல் நீளமானது தள்ளாடிக் காகிதத்தில் பக்கவாட்டில் துளை போடும். .22-250 துப்பாக்கிகள் பல 1:14, அவை இன்னும் மெதுவானவை. இதில் செம்புக் குண்டு ஒரு பொறி வைத்திருக்கிறது: செம்பு ஈயத்தைவிட இலகு, ஆகவே அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். உங்கள் குழல் 55 கிரெய்ன் ஈயத்தை ஏற்கிறது என்பதற்காக 55 கிரெய்ன் செம்பையும் ஏற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். குழலின் மேலேயே புரி எண் பொறித்திருக்கும், இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் விவரத்தில் இருக்கும், பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்தப் புரி எண்ணால் ஒரு தோட்டாவே சந்தையில் தோற்றுப்போனது. 1955-இல் வின்செஸ்டர் .243-ஐக் கொண்டுவந்த அதே வருடம் ரெமிங்டன் .244 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டும் ஒரே பருமன் குண்டு, ரெமிங்டனில் மருந்து சற்று அதிகம்கூட. ஆனால் வாங்குபவர்கள் இதைச் சிறு பிராணிகளுக்குத்தான் எடுப்பார்கள் என்று நினைத்து ரெமிங்டன் 1:12 புரி வெட்டியது, கனமான 100 கிரெய்ன் குண்டு அதில் நிலைக்காது என்று பேர் வாங்கிவிட்டது. வின்செஸ்டர் 1:10 வெட்டி 80 கிரெய்னும் விற்றது, 100 கிரெய்னும் விற்றது. மக்களுக்கு வேண்டியிருந்தது ஒரே துப்பாக்கியில் கொயோட்டியும் மானும். 1963-இல் ரெமிங்டன் புரியை 1:9 ஆக்கி, பெயரையும் 6 மில்லிமீட்டர் ரெமிங்டன் என்று மாற்றிப் பார்த்தது. பிடிக்கவே முடியவில்லை. இன்றும் எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் .243 கிடைக்கும், மற்றதைத் தேடி அலைய வேண்டும்.

.243 அந்த இரட்டை வேலையை நன்றாகவே செய்கிறது. 58 கிரெய்ன் வி-மேக்ஸ் போட்டால் வினாடிக்கு 1,100 மீட்டருக்கு மேல் பறக்கும் கொயோட்டித் துப்பாக்கி, 95 அல்லது 100 கிரெய்ன் போட்டால் மான் துப்பாக்கி. இன்னும் துப்பாக்கி வாங்கவில்லை, இரண்டும் வேண்டும் என்றால் .223-ஐவிட .243-ஐத்தான் சொல்வேன். சட்டமும் அந்தப் பக்கமே சாய்கிறது. டெக்சஸில் மானுக்கு சென்டர்ஃபயர், அதாவது கூட்டின் அடியில் நடுவே பிரைமர் உள்ள வகை, எதுவானாலும் சரி. கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 காலிபர், 70 கிரெய்ன், விரியும் குண்டு, வர்ஜீனியாவில் குறைந்தது .23. அதாவது .223-ஐ எடுத்துக்கொண்டு போய் அந்த மாநிலங்களில் மான் சுட்டால் நீங்கள் குற்றவாளி. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டே கூடாது, மானானாலும் கொயோட்டியானாலும் செம்புதான். சுட்ட மிருகத்தின் குடலையும் மிச்சத்தையும் தின்று காண்டோர் கழுகுகள் ஈய நஞ்சால் செத்துக்கொண்டிருந்ததுதான் அந்தச் சட்டத்தின் தொடக்கம். 2008-இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாக வந்த மான்கறியில் ஈயத் துணுக்குகள் தெரிந்து அந்தக் கறியைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். சிதறும் குண்டால் மான் சுட வேண்டாம் என்பதற்கு எனக்கு இது தனிக் காரணம், என் வீட்டில் அந்தக் கறியைக் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள்.

இரண்டு பெட்டி வாங்கிவைக்க மனமில்லாதவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மான் குண்டை வாங்குங்கள். மானுக்கான குண்டு கொயோட்டியையும் வீழ்த்தும், தோல் கொஞ்சம் கெடும், மறுபக்கத் துளை பெரிதாக இருக்கும், பண்ணைக்காரருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. கொயோட்டிக்கான குண்டை மானிடம் கொண்டுபோகக் கூடாது. அப்புறம் .223 துப்பாக்கி வைத்திருப்பவர்கள் 5.56 என்று எழுதிய ராணுவ அளவுத் தோட்டாவை, பார்க்க ஒன்றுபோல் இருக்கிறதே என்று போட்டுவிட வேண்டாம். அதன் அழுத்தம் சில .223 துப்பாக்கிகளில் தோட்டா உட்காரும் அறைக்கு அதிகம். குழலில் 5.56 என்று பொறித்திருந்தால் இரண்டும் போடலாம்.

பெரியவர் கொடுத்த எட்டுத் தோட்டாக்களில் மூன்றை அன்று காலையே காகிதத்தில் சுடவைத்தார். எனக்கு மனது கேட்கவில்லை, ஒன்றொன்றும் என் பெட்டியில் உள்ளதைப்போல இரண்டு மடங்கு விலை. துப்பாக்கி மேல் இருக்கும் குறிபார்க்கும் கண்ணாடியான ஸ்கோப்பைச் சிவப்பு மூக்குக் குண்டுக்குத்தான் சரிசெய்து வைத்திருந்தேன். 100 கஜத்தில் மூன்று துளையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின, ஆனால் குறிவைத்த இடத்துக்கு நான்கு விரல் கீழே, கொஞ்சம் இடது பக்கம். அவர் ஸ்கோப்பின் மூடியைத் திறந்து, திருகை எத்தனை சொடுக்கு நகர்த்தினார் என்பதை எண்ணிச் சொல்லி, பெட்டியின் மூடியில் எழுதிக்கொள்ளச் சொன்னார். மீதி ஐந்தில் ஒன்று மட்டும்தான் அந்தப் பருவத்தில் செலவானது.